பாப்பாவுக்கு, கடலூரிலிருந்து

பாப்பா,

நேற்று ராத்திரி ராஞ்சியிலிருந்து போனில் "மார்ச்சோட புராஜெக்ட் முடியுதும்மா, அப்புறம் என்னன்னு தெரியல" என்று நீ சொன்னபோது நான் சட்டென்று வைத்துவிட்டேன். கோபம் எதுவும் இல்லை. பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று தோன்றியது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொண்டு நிறுவனத்தில் சேவை செய்ய வந்தவள் சம்பளத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசலாம். பேசியே ஆக வேண்டும். உனக்கு மூன்று வயதில் நான் சுய உதவிக் குழு ஊக்குநராக ஆரம்பித்தேன், தீர்மான நோட்டு எழுதி, சேமிப்புப் பணத்தை எண்ணி வங்கியில் கட்டி, அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதப் போனேன். அங்கே புராஜெக்ட் முடிந்தபோது மூன்று மாதச் சம்பளம் வரவே இல்லை. கேட்டதற்கு, "எல்லாரும் சேவைக்குத்தானே வந்தோம்" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வருஷம் உன் ஸ்கூல் ஃபீஸுக்கு என் வளையல் அடகுக்குப் போனது. அந்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு வருத்தம். நீ அப்படி இருக்கக் கூடாது.

ஆனால் இந்த வேலையே வேண்டாம், டிஎன்பிஎஸ்சி எழுது என்று நான் சொல்ல மாட்டேன், உன் அத்தை சொல்லட்டும். சுனாமி வந்தபோது நீ சின்னப் பிள்ளை, உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது, கிழிந்ததும் அழுக்குமாக, யாரும் எடுக்காமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். இங்கே யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதே நாள் நல்லவாட்டில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நாம் பாண்டி போகும்போது தவளக்குப்பத்தில் உள்ளே திரும்புகிற ஊர். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு அறிவு மையம் வைத்து, ஒலிபெருக்கி போட்டிருந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று மீனவர்களுக்குச் சொல்வதற்காக. வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பச் சாதாரண வேலை. அன்றைக்குக் காலையில் சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கடலை விட்டு ஓடச் சொல்ல, ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த மைக்கில் தினமும் அலைக் கணக்கு படித்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சின்னப் பிள்ளைகளின் எடையை எழுதி எழுதிக் கை வலிக்கிறது, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று நீ போன மாதம் கேட்டபோதும் அந்த ஆள் ஞாபகம்தான் வந்தது.

சரி, வேலை போவதைப் பற்றி. உன் திறமையில் குறை என்று நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்காதே. பணம் வருகிற வழி அப்படி. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இந்த மாதிரிச் சமூக நலக் காரியங்களுக்குச் செலவு செய்ய வேண்டும், அந்தக் கணக்கு மார்ச்சில் முடிகிறது, உன் கான்ட்ராக்ட்டும் அதோடு முடிகிறது. வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன்னால் 50 வரை இருந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. சின்ன அமைப்புகள் அதில் ரொம்ப அடிபட்டன, ஆபீஸில் உட்கார்ந்து கணக்கும் ரிப்போர்ட்டும் பார்ப்பவர்கள் சம்பளத்தில்தான் முதலில் கை வைத்தார்கள்.

அதனால் ராஞ்சியிலேயே இன்னொரு இடத்தில் கூப்பிடுகிறார்கள் என்றாயே, அங்கே போய் உட்கார்ந்ததும் கேள். என் சம்பளம் எந்தப் புராஜெக்ட்டில், எந்த பட்ஜெட் தலைப்பில் வருகிறது, அந்தப் பணம் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று நேராகக் கேள். கடைசி ஆடிட் ரிப்போர்ட் காட்டச் சொல், நல்ல அமைப்பு முகம் சுளிக்காது. லெட்டரில் "மதிப்பூதியம்" என்றோ "கன்சல்டன்ட்" என்றோ இருந்தால் கையெழுத்துப் போடாதே, அந்த ஒரு சொல்லை வைத்தே பிஎஃப், லீவு எல்லாவற்றையும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பிஎஃப் பிடித்தாக வேண்டும்.

இன்னொன்று, கோஆர்டினேட்டர் பதவிக்கு அவசரப்படாதே. உனக்கு வீடு வீடாகப் போய்ப் பேச வருகிறது, இந்தியும் வந்துவிட்டது. பட்ஜெட் போட மட்டும் கற்றுக்கொள். ஃபீல்டும் தெரிந்து பட்ஜெட்டும் போடத் தெரிந்தவர்கள் நான் பார்த்த வரைக்கும் ரொம்பக் குறைவு, புராஜெக்ட் முடிந்தாலும் அவர்களை விட மனசு வராமல் இன்னொரு புராஜெக்ட்டில் சேர்த்துக்கொள்வார்கள். என் பழைய வவுச்சர் நோட்டுகள் பரணில் இருக்கின்றன, வரும்போது உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்பா உன் கணக்கில் ஐயாயிரம் போட்டிருக்கிறார், திருப்பி அனுப்பாதே, அவருக்கு வருத்தமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அந்த ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொள். எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டு.

அம்மா