சீனிச்சேவு மறுபடியும் சீனிச்சேவு ஆகிறது

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம்.

போன மாதத்திலிருந்து எங்கள் கடைப் பாக்கெட்டுகளில் பெயர்கள் மாறி வருவதைப் பார்த்துவிட்டுப் பலர் போன் போட்டுக் கேட்டீர்கள். பனைவெல்லம் என்று இருந்தது கருப்பட்டி என்று வருகிறது, சர்க்கரைச் சேவு என்று இருந்தது சீனிச்சேவு என்று வருகிறது, சரக்கு அதேதானா, வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று. சரக்கு அதேதான். செய்கிறவர்களும் அதே ஆட்கள்தான். பெயர் மட்டும் பழையபடி திரும்பியிருக்கிறது, அது ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தாம்பரத்தில் கடை போட்ட புதிதில், எங்கள் ஊரான தூத்துக்குடிப் பக்கத்தில் என்ன சொல்வோமோ அதையே எழுதி ஒட்டினோம். அப்புறம் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தபோது, படம் பிடித்து லேபிள் அடித்துக் கொடுத்தவர், இப்படியெல்லாம் எழுதினால் மெட்ராஸில் யாருக்குப் புரியும், பொதுவான தமிழில் போடுங்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாப் பெயரையும் மாற்றினோம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆச்சி போனில் வந்தார்கள். பாளையங்கோட்டைக்காரர், இங்கே வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறார். "ஏ தம்பி, சர்க்கரைச் சேவுன்னு போட்டிருக்கேன்னு ஆசையா வாங்குனேன். பிரிச்சுப் பாத்தா வெள்ளவெளேர்னு இருக்கு. இது சீனில்லா?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் வெள்ளையாக இருந்தால் சீனி. சர்க்கரை என்றால் அது வெல்லத்து வகை, சர்க்கரைப் பொங்கலில் இருக்கிறதே அந்தச் சர்க்கரை. சென்னையில் பிறந்தவருக்குப் புரிய வேண்டும் என்று எழுதப் போய், அந்தச் சேவைத் தின்று வளர்ந்த ஆச்சியை ஏமாற்றியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், கூடவே அரைக்கிலோ கருப்பட்டிச்சேவு அனுப்பினோம்.

ஆனால் ஆச்சி அதோடு போனை வைக்கவில்லை, இருபது நிமிடம் பேசினார்கள். பேரனிடம் "அந்தச் சிரட்டைய எடுல" என்றால் அவனுக்குத் தெரியவில்லையாம். "முழிக்கான் தம்பி. கொட்டாங்குச்சின்னு சொன்னாத்தான் எடுக்கான். வீட்டுக்குள்ளயே யோசிச்சு யோசிச்சுப் பேச வேண்டியிருக்கு" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து லேபிள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன்.

சிரட்டை என்ற சொல் இல்லாமல் கருப்பட்டியை எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் இப்போது கருப்பட்டி இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் பாதிப் பந்து மாதிரி வளைவு. அந்த வளைவு சிரட்டையின் வளைவு. பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பனை மரத்தில் கட்டுவார்கள், தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, பனை மட்டையையும் காய்ந்த ஓலையையும் எரித்து, கிண்டிக்கொண்டே காய்ச்சிப் பாகு பதம் வந்ததும் சிரட்டை சிரட்டையாக ஊற்றி ஆறவிடுவார்கள். அந்த வாசம் அடுப்படியிலிருந்து தெருமுனை வரைக்கும் வரும். நான் பிறந்தது உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டுச் செம்மண். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வாசம் பிடித்தே யார் வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கப் பதிவிலேயே கருப்பட்டி என்று ஏறிவிட்ட பொருளுக்கு, அந்த ஊரில் பிறந்த நான் என் கடைப் பாக்கெட்டில் வேறு பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

கருப்பட்டி பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரைத்தால் அடியில் தூசி தங்குகிறது என்று சிலர் திருப்பி அனுப்புகிறீர்கள். திறந்த வெளியில் ஓலைக்கும் மட்டைக்கும் நடுவில் காய்ச்சுகிற பொருள், கொஞ்சம் தும்பும் சுண்ணாம்பும் இருக்கும். தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டுத்தான் பாகு வைக்க வேண்டும், ஊரிலும் அப்படித்தான் செய்வோம். காப்பிக்குப் போடுகிறவர்கள் கொதிக்கிற பாலில் பாகை ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுப் பாலில்லாமல் குடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும், காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். ஊரில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பார்கள், இங்கே அதற்கு எங்கே போவது.

அப்புறம் போன் விஷயம். எங்களிடம் ஆர்டர் எடுக்கும் மூன்று பேரும் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள். லேபிளை மாற்றியபோது அவர்கள் பேச்சையும் நான் மாற்றச் சொன்னேன். "அனுப்புதோம்" என்று சொல்லாதீர்கள், "அனுப்புறோம்" என்று சொல்லுங்கள், "பொறவு கூப்பிடுதேன்" வேண்டாம், "அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லுங்கள் என்று எழுதியே ஒட்டி வைத்தேன். ஊரில் எட்டுப் பேருக்கு ஈடு கொடுத்துப் பேசுகிற பிள்ளை, இங்கே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, பரீட்சை எழுதுகிற மாதிரிப் பேசியதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இனிமேல் போன் எடுக்கிறவர் "இங்ஙன ரெண்டு நாள்ல வந்துரும்" என்றோ "பையச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றோதான் பேசுவார். புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். ஒரு அண்ணாச்சி போன வாரம் ஆர்டரே கொடுக்காமல், மத்தியானம் என்ன வெஞ்சனம் என்று கேட்டுவிட்டு, அவியலும் எள்ளுத் துவையலும் என்று இந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தார். வெஞ்சனம் என்ற சொல்லைக் காதில் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டதாம்.

கோயம்புத்தூர் பக்கத்து வாடிக்கையாளர்கள் சிலர் ஒப்பிட்டும் சந்தகையும் போடுங்களேன் என்று கேட்டிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், போட மாட்டோம். அது எப்படி இருந்தால் சரி என்று எங்கள் நாக்குக்குத் தெரியாது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்து, உங்கள் பேச்சிலேயே விற்றால்தான் அது உங்களுக்கு ருசிக்கும்.

எப்போது கேட்டாலும் இல்லை என்கிறீர்கள் என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: சிறுகிழங்கும் பனங்கிழங்கும் தைப்பொங்கலை ஒட்டித்தான் வரும், மற்ற நாளில் கேட்டால் எங்களால் முடியாது. மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் மட்டும் சேர்ந்தது, ஈரக்காற்று பட்டால் நமத்துப் பல்லில் ஒட்டும், அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியூருக்கு அனுப்புவதில்லை.

ஓலைக்கொழுக்கட்டை கேட்டவர்கள்தான் அதிகம். திருக்கார்த்திகைக்கு எங்கள் பக்கம் அது இல்லாத வீடு இருக்காது. பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, கொஞ்சம் ஏலம் எல்லாம் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் நீளமாக வைத்து, ஓலையிலேயே கிழித்த நாரால் கட்டி அவிப்பார்கள். வெந்ததும் ஓலையைப் பிரித்தால் கொழுக்கட்டையின் முதுகில் ஓலையின் கோடு வரிவரியாகப் பதிந்திருக்கும், மாவுக்குள்ளே பச்சை ஓலை வாசம் இறங்கியிருக்கும். செய்து பெட்டியில் போட்டு அனுப்பினால் மறுநாள் அந்த வாசம் போய்விடுகிறது, நான் இரண்டு தடவை அனுப்பிப் பார்த்துவிட்டேன். அதனால் இந்த வருடம் கொழுக்கட்டைக்குப் பதிலாக ஓலையை அனுப்புகிறோம். ஈரத்துணியில் சுற்றிய குருத்தோலை ஒரு கட்டு, ஒரு சிரட்டைக் கருப்பட்டி, மாவு அரைக்கிலோ. அவிக்கிற வேலை உங்களுக்கு. பிள்ளைகளை நார் கிழிக்கச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டால்தான் ஊரில் ஓலை வெட்டச் சொல்ல முடியும்.

பழைய லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, தீர்கிற வரைக்கும் அவையும் கலந்துதான் வரும். அந்தச் சர்க்கரைச் சேவில் மட்டும் மேலே பேனாவால் சீனி என்று திருத்தி எழுதியிருக்கிறோம். நாகர்கோவில் பக்கத்திலோ சாத்தூர் பக்கத்திலோ இதே பண்டத்துக்கு உங்கள் வீட்டில் வேறு பெயர் இருந்தால், வாட்ஸ்அப்பில் எழுதாமல் உங்கள் வாயால் சொல்லிக் குரல் பதிவாக அனுப்புங்கள். அடுத்த லேபிள் அடிக்கும்போது அந்தப் பெயரையும் பக்கத்தில் போடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன், தாம்பரம்