துளை வாய் வரை வந்த மீன்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கினாய், பைக் (pike) என்கிற அந்தப் பல் நிறைந்த பெரிய ஏரி மீன் ஒரு மீட்டராவது இருக்கும், துளை வாய் வரை வந்து கடைசியில் போய்விட்டது, சொன்னால் யாரும் நம்பவில்லை என்றாய். நான் நம்புகிறேன். 1986இல் ஜெர்மனியில் 25 கிலோ பைக்கே பிடிபட்டிருக்கிறது. ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. "எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை மந்தம்தானே அப்பா" என்றாய். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது பதினொரு வயது. உறைந்த ஏரியில், மீன் கவ்வியதும் எழும்பும் தூண்டில் கொடி எழும்பியதை முதலில் பார்த்து ஓடியது நீதான். கயிற்றை நான் பிடித்தேன். மீன் மூன்று முறை இழுத்துக்கொண்டு ஓடியது. நான்காவது முறை துளைக்கு அடியில் குறுக்காகக் கடந்தது. தலை போய், உடம்பு போய், போய்க்கொண்டே இருந்தது. நீ மூச்சே விடவில்லை. அப்புறம் கயிறு அசையாமல் விறைத்து நின்றது. நான் பலமாக இழுத்தேன். ஒரு வெட்டு, அவ்வளவுதான், கயிற்றில் எடையே இல்லை. "கையைச் சீக்கிரம் தண்ணீருக்குள் விட்டு மீனைப் பிடித்திருக்கக் கூடாதா?" என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

அம்மா, தவறு உன்னுடையது இல்லை. உன் கை அப்போது தண்ணீரைத் தொடவே இல்லை.

பைக் இரையைக் குறுக்காகக் கவ்வும். பிறகு திருப்பித்தான் விழுங்கும். விழுங்க விட்டால் தூண்டில் முள் வயிற்றுக்குள் போய் மீன் செத்துவிடும். அதற்காகத்தான் எஃகுக் கம்பியில் மும்முனை முள் இரண்டு கட்டி, கவ்வியதுமே சுண்டுகிறோம். அதில் ஒரு முள் வாயில் ஏறும். மற்றொன்று பல நேரம் தாடைக்கு வெளியே தொங்கும். அன்று அந்த வெளி முள் பனிக்கட்டியின் அடி விளிம்பில் மாட்டிக்கொண்டது. கயிறு விறைத்து நின்றது அதனால்தான். அந்த நொடியே கயிற்றைத் தளர்த்தியிருக்க வேண்டும். மீன் தலையைப் பின்வாங்கும், முள் விடுபடும், மறுபடி கொண்டுவரலாம். எனக்கு இது தெரியும். போய்விடுமோ என்ற பயத்தில் இழுத்தேன், வாயிலிருந்த முள் பிய்ந்து வந்துவிட்டது. வீடு வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம் சொல்லவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிடு.

உன் மீனுக்கும் முதலில் கயிறு விறைத்தது என்றாய். அதேதான் நடந்திருக்கும்.

இனி ஒன்று செய். எட்டு அங்குலத் துளை பெரிய பைக்குக்குப் போதாது, பத்து அங்குலம் போடு. மீன் ஓடினால் கயிறு விரல்களுக்கிடையே வழுகிப் போகட்டும். கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதே. துளையைக் கண்டதும் அது கட்டாயம் இன்னொரு முறை ஓடும், ஓட விடு. தலை துளைக்குள் நுழைந்த பிறகுதான் நிறுத்தாமல் ஒரே சீராகத் தூக்க வேண்டும். உள்ளே வந்துவிட்டால் அதற்குத் திரும்ப இடமில்லை. அப்போது துளைக்குள் கையை விட்டு, செவுள் மூடிக்கு உள்பக்கமாக விரலைக் கொடு. சிவந்த செவுளைத் தொடாதே, பல் பக்கம் போகாதே. குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெரிய பைக் பெரும்பாலும் பெண். பனி உருகியதும் ஆழமில்லாத கரையோரப் புல்லில் முட்டையிடும். அந்த முட்டை குளிர்காலத்திலேயே வயிற்றில் இருக்கும். அடியில் தண்ணீர் 4 டிகிரி, மேலே காற்றோ உறைநிலைக்கும் எவ்வளவோ கீழே. அந்தக் காற்றில் அதன் கண்ணும் செவுளும் சட்டென்று உறைந்துபோகும். அதனால் பனியில் கிடத்தாதே, ஈரக்கையோடு பிடி, முள்ளை எடுத்ததும் தலை முதலில் போகும்படி துளைக்குள் இறக்கு. வால் உன் கையை உதறும்வரை விடாதே. அந்த உதறலை நீ ஒருமுறை உணர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

பனிக்கட்டி கண்ணாடி போலத் தெளிவாக, குறைந்தது நான்கு அங்குலமாவது இருந்தால் மட்டுமே நட. வெள்ளையாக இருந்தால் அதைப் போல இரு மடங்கு வேண்டும்.

அடுத்த மாதம் வருகிறேன். கயிறு உன்னிடம் இருக்கட்டும். தண்ணீருக்குள் கையை நான் விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா