விலையில்லா மிதிவண்டியும் ஹேண்டில் உயரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 படிப்போருக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டி, தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் பலருக்குப் பேருந்தை நம்பியிராமல் பள்ளிக்கு வந்துசேர வழி செய்திருக்கிறது. ஆனால் நாலரை அடி மாணவிக்கும் ஐந்தரை அடி மாணவிக்கும் ஒரே அளவு வண்டிதான் கிடைக்கிறது. சீட்டை மட்டுமாவது சிலர் ஏற்றி இறக்கிக்கொள்கிறார்கள். ஹேண்டிலோ, வண்டியைப் பூட்டியவர் வைத்த உயரத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறது.

ஹேண்டில் தாழ்ந்திருந்தால் உடலின் எடை உள்ளங்கையில் இறங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சாலையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியே ஓட்டுவதால் பிடரியும் வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் தோள்கள் தூக்கிக்கொள்ளும்; இம்மாவட்டத்தின் மேட்டுச் சாலைகளில் முன்னே சாய்ந்து மிதிக்கவும் வசதிப்படாது. பள்ளிக்குச் சென்றுவரும் பிள்ளைகளுக்கு, கைப்பிடி சீட்டின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருந்து, பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருந்தால் போதும். முதலில் சீட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொட வேண்டும்.

இவ்வகைச் சாதாரண மிதிவண்டிகளில் ஹேண்டில் தண்டின் உச்சியிலுள்ள போல்ட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விடுபட்டுத் தண்டு ஏறி இறங்கும். எவ்வளவு உயர்த்தினாலும் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாத தண்டாயின் குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் உயர்த்தினால், பள்ளத்தில் இறங்கும்போது தண்டு முறியவோ பிடுங்கிக்கொண்டு வரவோ கூடும். போல்ட்டை இறுக்கிய பின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால், பிடிப்பு போதுமா என்பது தெரிந்துவிடும்.

பிரேக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பி பிரேக் (கேபிளால் அல்லாமல் கெட்டியான இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக்) உள்ள வண்டியில் ஹேண்டிலை ஏற்றினால் கம்பியும் மேலே இழுபட்டுப் பிரேக் கட்டைகள் ரிம்மில் உரசும். இறக்கினால் பிரேக் பிடிக்காமலே போகலாம். ஆகவே கம்பியின் நீளத்தையும் கையோடு சரிசெய்தே ஆக வேண்டும்.

சைக்கிள் கடைக்காரருக்கு இது சில நிமிட வேலை. மிதிவண்டி வழங்கும் நாளிலேயே, உள்ளூர் மெக்கானிக் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, ஒவ்வொருவரையும் வண்டியில் உட்காரவைத்துச் சீட்டையும் ஹேண்டிலையும் அளவுபார்த்துக் கொடுக்க மாவட்டக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். பிளஸ் 2 வருவதற்குள் பல பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால், அடுத்த ஆண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. விழா மேடைக்குச் செலவிடுவதில் சிறு பங்கே இதற்குப் போதும் என்பது என் எண்ணம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.