பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆகவே புதியது வாங்குங்கள் என்று கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பல வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். என் மடிக்கணினி 2012-இல் வாங்கியது, 4 ஜிபி ரேம். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான். அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். கடிதம், மின்னஞ்சல், வங்கி வேலை, பேரனோடு வீடியோ அழைப்பு எல்லாம் நடக்கிறது. 2 ஜிபி மட்டும் இருந்தால் எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான டெஸ்க்டாப் கொண்ட லுபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பார்க்கலாம். ஆனால் எதைப் போட்டாலும் நினைவகத்தைத் தின்பது பிரவுசர்தான். இருபது டேப் திறந்து வைத்தால் எந்த லினக்ஸும் கைகொடுக்காது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகமே தனி.

லினக்ஸைக் கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும் என்பதைப் பலர் அறியவில்லை. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிடலாம்.

புதிதாக வருபவர்கள் மனம் தளர்வது தமிழ்த் தட்டச்சில். லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு நேரடியாகக் கிடைக்கும். ஆனால் அதில் மெய்யெழுத்துக்குத் தானாகப் புள்ளி விழாது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். என்னைப் போலத் தட்டச்சுப்பொறியில் கை பழகியவர்களுக்கு அந்த விசை அமைப்பும் அதிலேயே இருக்கிறது. இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

மிகப் பழைய 32 பிட் செயலி கொண்ட கணினி என்றால் வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையில் அதற்கான நிறுவி (நிறுவும் மென்பொருள்) கிடையாது. ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு வகையில் 32 பிட் பதிப்பு இருக்கிறது.

அடுத்த முறை இந்த வழியையும் படங்களோடு, படிப்படியாக வெளியிடுங்கள். நிறுவும்போது வட்டு முழுக்க அழிக்கப்படலாம், கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள் என்பதை ஆரம்பத்திலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். அவற்றை லினக்ஸில் நிறுவினால்தான் லிப்ரே ஆபீஸில் அந்தக் கோப்புகளைப் படிக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தட்டச்சு ஆசிரியை