ஈரக் கைக்குட்டை

பழைய வண்ணாரப்பேட்டை,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை நம் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். உன் பெயரைச் சொல்லி அம்மா ஒரு சொம்பு வாங்கி வந்தாள்.

பணம் வந்தது. போன வியாழக்கிழமை மதியம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் கடையை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், பையில் போன் அதிர்ந்தது. 35,000 ரூபாய் என்று வந்திருந்தது. ஒரு வார்த்தையும் கூட வரவில்லை. நான் அதைத் தொடவில்லை. எடுக்கவும் மாட்டேன். ஏன் அனுப்பினாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை.

எதிர்வீட்டுப் பையனும் உன்னைப் போல இங்கிலாந்தில், லீட்ஸில் படித்துவிட்டு வந்திருக்கிறான் அல்லவா, அவனிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாமாம். அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னான். முதுகலை படிக்கிறவர்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாதாம். வகுப்புகள் முடிந்து ஆய்வேடு எழுதுகிற இந்த மாதங்களும் படிப்புக் காலம்தானாம், அந்த 20 மணி நேரம் இப்போதும் செல்லுமாம். வகுப்புதான் இல்லையே என்று நினைத்து முழுநேரம் வேலைக்குப் போய் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு என்றான். உனக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நான் கணக்குப் பார்க்கத் தெரிந்தவன். 20 மணி நேரத்துக்கு என்ன சம்பளம் வரும் என்றும் உன் அறை வாடகை எவ்வளவு என்றும் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். பஸ், சாப்பாடு, போன் எல்லாம் போக 35,000 மிஞ்சாது. அவ்வளவுதான் சொல்வேன்.

வங்கிக் கடன் உன் தலையில் இல்லை. தவணை படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். இப்போது வட்டி மட்டும்தான், அதை நான் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. அம்மாவின் வளையல் பற்றித் தம்பி உன்னிடம் ஏதாவது உளறியிருந்தால், அது மீட்கிற பொருள், நான் மீட்பேன். நீ 20 மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்காதே. ஒரே வருடப் படிப்பு, முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த நேரத்தில் விசாவில் கறை பட்டால் அப்புறம் என்ன செய்வது?

சின்ன அத்தை வந்திருந்தாள். “தையல் படிக்க லண்டனுக்கா அனுப்பினாய்?” என்று மறுபடியும் ஆரம்பித்தாள். லண்டன் இல்லை, மான்செஸ்டர் என்றேன். தையல் இல்லை, ஃபேஷன் மார்க்கெட்டிங் என்றேன். போன வருடம் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் எம்.பி.ஏ. மாதிரி என்று சொல்லி மழுப்பினேன், அது உன் காதிலும் விழுந்தது. இந்த முறை உட்கார வைத்து விளக்கினேன். ஒரு துணியை யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள், என்ன விலையில் வாங்குவார்கள், எந்த மாதத்தில் எவ்வளவு வரவழைக்க வேண்டும், மிஞ்சியதை எப்போது எந்தத் தள்ளுபடியில் தள்ள வேண்டும், கண்ணாடிக்குள் எதை உடுத்தி நிறுத்தினால் தெருவில் போகிறவள் திரும்பிப் பார்ப்பாள், இதெல்லாம்தான் என் பெண் படிக்கிறாள் என்றேன். நீ முதல் பருவத்தில் சொன்னதைத்தான் சொன்னேன். “அப்பா, நீங்கள் கடையில் செய்கிறதைத்தான் இங்கே புத்தகம் போட்டு நடத்துகிறார்கள்” என்றாயே, அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த எம்.சி. ரோட்டில் 31 வருடமாக நிற்கிறேன். புடவை எடுக்க வருகிறவள் வாயால் சொல்லும் விலையை நம்பக்கூடாது, அவள் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்குள் காட்டுங்கள் என்பாள், கை மட்டும் அறுநூறு ரூபாய்க் கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும். உடனே அதை விரித்துவிடக் கூடாது. முதலில் அவள் கேட்ட விலையில் இரண்டு, பிறகு சூரத் சரக்கில் ஒன்று, அப்புறம்தான் அது. கூட வந்த மாமியார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்து அந்தப் பக்கம் முந்தானை வர வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுக்கும். சேலத்துப் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்தும் சூரத்திலிருந்தும் தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழையதைக் காலி செய்தாக வேண்டும். தள்ளுபடி அதற்குத்தான். இதற்கெல்லாம் நீ ஒவ்வொரு பெயர் சொன்னாய். எனக்குப் பெயர்கள் நிற்கவில்லை, ஆனால் பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படிச் சொன்ன பெண் ஆறு வாரமாகப் பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் ‘சாப்பிட்டேன்’, ‘தூங்கப் போகிறேன்’ என்று இரண்டு சொல்லில் செய்தி போடுகிறாய். நான் அழைத்தால் எடுப்பதில்லை. நமக்கும் உங்களுக்கும் இப்போது நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். இரவு பத்தரைக்கு நான் கடை முடிந்து வரும்போது உனக்கு மாலை ஆறு மணி. அந்த நேரத்தில் நீ வேலையில் இருக்கிறாயா? எந்தக் கடையில், எத்தனை மணி வரைக்கும்? கேட்க மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும் பாப்பா.

ஆனி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு ஆசையாக ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று சொன்னாய். நம் ஊர்க் கட்டம் போட்ட துணியைப் பற்றி, ‘மெட்ராஸ் செக்’ பற்றி என்றாய். 1639-இல் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் இந்தக் கடற்கரையில் கால் ஊன்றியதற்கே துணிதான் காரணம், அந்தத் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் நம் பேட்டைக்கு இந்தப் பெயர் என்றாய். பாட்டி வீடு இருந்த காலடிப்பேட்டைகூட ஜோசப் கோலட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊராம், கோலட்பேட்டைதான் வாயில் புழங்கிக் காலடிப்பேட்டை ஆனதாம். நாற்பது வருடம் அந்த ஊருக்குப் போய் வந்தவனுக்கு அது தெரியாது. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அமெரிக்கக் கதையைச் சொன்னாய். 1958-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு வியாபாரி வந்து, நம் மெட்ராஸ் பெயரில் வழங்கும் அந்தக் கட்டம் போட்ட கைத்தறித் துணியைக் கெஜம் ஒரு டாலர் என்று பத்தாயிரம் கெஜம் வாங்கிப் போனான். குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலச வேண்டும், சாயம் கசியும் என்று இங்கே சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை வாங்கி உடுத்தியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். கட்டமெல்லாம் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒரே புகார். கடைசியில் அதையே விளம்பரமாக்கினார்கள், ‘சாயம் போகும், உத்தரவாதம்’ என்று. ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறுவதுதான் இந்தத் துணியின் அதிசயம் என்று சொல்லவும் ஜனங்கள் தேடிப்போய் வாங்கினார்களாம்.

“போகும் என்று உண்மையைச் சொல்லியே விற்றிருக்கிறார்கள் அப்பா” என்றாய்.

நான் “கடையில் வேலை இருக்கிறது” என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று கடைக்குப் போகவே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

நீ குத்திக்காட்டினாய் என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், உன் குரலில் அப்படி எதுவும் இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு அப்போது பதினொரு வயது. தீபாவளி முடிந்த வாரம், அரைநாள் பள்ளி, எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு வந்திருந்தாய். காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா கையில் பையோடு வந்தாள். உள்ளே அரக்குச் சிவப்புப் புடவை, அதோடு ஒரு பையனின் வெள்ளைப் பள்ளிச் சட்டை. ஒரே வாளியில் நனைத்திருக்கிறாள். சட்டை முழுக்க ரத்தம் பட்டது போல. “போகாது என்றுதானே அண்ணே சொன்னீர்கள்” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். துவைத்த துணியைத் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதியிருந்த பலகையை முதலாளி காட்டினார். அவள் சத்தம் போடவில்லை. சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் தலையைக் குனிந்து வேறு யாருடைய புடவையையோ மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாய், “உங்களுக்கு முன்பே தெரியுமா அப்பா?” என்று. தெரியாது என்றேன்.

தெரியும் பாப்பா.

தாத்தா பெரம்பூர் மில்லில் இருந்தவர் அல்லவா, எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். எந்தச் சாயத் துணியையும் ஈரக் கைக்குட்டையால் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பார், வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் வாயைத் திற என்பார். சாயம் ஏற்றிய பிறகு மிச்சச் சாயம் போகுமளவுக்குத் துணியை நன்றாக அலசி எடுக்க வேண்டும், அவசரச் சரக்கில் அதைச் செய்ய மாட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு முந்தின இரவு கட்டு பிரித்தபோதே தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டை சிவந்துவிட்டது. முதலாளியிடம் காட்டினேன். “உப்புத் தண்ணீரில் முதலில் தனியாக நனைக்கச் சொல்லி விற்றுவிடு” என்றார். அதைச் சொல்லி விற்றிருக்கலாம், சுங்குடியை அப்படிச் சொல்லித்தானே விற்கிறோம்? ஆனால் சொன்னால் கையிலிருக்கும் புடவையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கட்டுக்கு இவ்வளவு என்று அந்த வருடம் எங்களுக்கு ஊக்கத்தொகை வைத்திருந்தார்கள். உனக்கு மிதிவண்டி வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான்கு பேரிடம் உப்புத் தண்ணீர் சொன்னேன், நான்கு பேரும் எழுந்து போனார்கள். ஐந்தாவதாக வந்தவள் அந்த அம்மா. கியாரண்டி, போகவே போகாது என்றேன்.

அந்தக் கைக்குட்டையை அம்மா துவைக்கப் போடும் துணியில் சேர்க்கவில்லை. நானே கடைக் குழாயில் கசக்கிவிட்டு வந்தேன். முழுதாகப் போகவில்லை.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. காசிமேட்டு மீன் சந்தைப் பக்கம் போகும்போதெல்லாம் முகங்களைப் பார்ப்பேன். அடையாளம் தெரிந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அந்த மிதிவண்டியில் நீ தண்டையார்பேட்டை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவாய். பார்க்க ஆசையாகவும் இருக்கும், பார்க்க முடியாமலும் இருக்கும்.

இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டு, நீ உண்மை என்ற சொல்லை எடுத்தவுடன் போனை வைத்தவன் நான். தப்பு என்னுடையது. உன் தலைப்பு நல்ல தலைப்பு. விட்டுவிடாதே. வேலைக்காக அதைத் தள்ளிப் போடாதே. அந்த 20 மணி நேரம்.

உன் 35,000 அப்படியே இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை தம்பியை விட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பணத்தில் ஒரு மாதம் வேலையைக் குறைத்துக்கொண்டு எழுது.

நான் மேலே சொன்னதை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்றால் சேர்த்துக்கொள். கடையின் பெயரை எழுதாதே, அங்கே இன்னும் பதினான்கு பேர் பிழைக்கிறார்கள். என் பெயரை எழுதலாம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பார்சலில் பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு கட்டு அப்பளம் இருக்கின்றன. ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அம்மா மூன்று உறை போட்டிருக்கிறாள், மெதுவாகப் பிரி. சிவப்புச் சுங்குடித் துப்பட்டா நான் எடுத்தது. தேய்த்துப் பார்த்தேன், சாயம் போகும். முதல் மூன்று முறை கல் உப்புப் போட்டுத் தனியாக நனை.