இந்தப் பருவத்தில் பாடமுறை மாறுகிறது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமை வகுப்பில் பெரிய பிள்ளைகள் இந்த மாதம் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அமைச்சர் காதர் அஸ்மாலைப் பற்றி எழுதுகிறார்கள். "தமிழ் வகுப்பில் அவர் எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரி, நியாயமான கேள்விதான்.

அவர் நம் பக்கத்து ஸ்டேங்கர்க்காரர். நேட்டால் மாகாணத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1959-இல் லண்டன் போய்ச் சட்டம் படித்தார், அப்புறம் டப்ளினில் பல்லாண்டு சட்டம் கற்பித்தார். 1994-இல் மண்டேலா அவரை நீர்வளத் துறை அமைச்சராக்கினார்.

அங்கே அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வாட்டில், யூகலிப்டஸ் போன்ற அயல்நாட்டு மரங்கள் ஆற்றோரமெல்லாம் மண்டி, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கிராமங்களிலோ வேலையில்லை. 1995-இல் வேலையில்லாத மக்களுக்கே கூலி கொடுத்து அந்த மரங்களை வெட்டும் திட்டத்தைத் தொடங்கினார். ஆற்றுக்குத் தண்ணீரும் ஆச்சு, வீட்டுக்குச் சம்பளமும் ஆச்சு. வகுப்பில் நின்று பழகியவருக்குத்தான் இப்படிக் கையில் இருப்பதை வைத்து வழி தேடத் தோன்றும் என்பது என் எண்ணம்.

1999-இல் கல்வி அமைச்சரானார். அந்த ஆண்டு மெட்ரிக் என்ற பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்கள் 48.9 சதவீதம்தான், 2003-இல் அது 73.3 ஆனது. பல்கலைக்கழகங்களை இணைத்ததில் பலருக்கு மனத்தாங்கல் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004-இல் அப்படித்தான் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. எனக்கும் அதில் வருத்தம்தான்.

ஆனால் பாடத்திட்ட விஷயத்தில் அவரை மனதாரப் பாராட்டுவேன். தம் கட்சியின் அரசே கொண்டுவந்த புதிய பாடத்திட்டம் ஆசிரியர்களுக்கே புரியாத சொற்களால் நிறைந்திருந்தது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2000-இல் அதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். 2002-இல் திருத்தி எளிமையாக்கிய பாடத்திட்டம் வந்தது. விட்டுக்கொடுக்காத இடமும் அவருக்கு இருந்தது. ஊழலையும் பெருங்குற்றங்களையும் விசாரித்த ஸ்கார்பியன்ஸ் புலனாய்வுப் பிரிவைக் கலைக்கும் கட்சி முடிவுக்குத் துணைபோக மனமில்லாமல் 2008-இல் நாடாளுமன்றத்தை விட்டே விலகினார்.

இப்போது நம் வகுப்புக்கு வருகிறேன். அவரைப் போல நாமும் நம் பாடமுறையைத் திருத்த வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு சிறுமி அ முதல் ஃ வரை கரும்பலகையில் ஒரு பிழையில்லாமல் எழுதினாள். "ஆயாவிடம் தண்ணீர் வேண்டுமென்று எப்படிக் கேட்பாய்?" என்றேன். சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே நின்றாள். கண் கலங்கிவிட்டது, அவளுக்கும் எனக்கும். தப்பு அவளுடையதல்ல. இத்தனை வருடமாக நாங்கள் எழுத்தைக் கொடுத்தோம், பேச்சைக் கொடுக்கவில்லை.

அதனால் இனி முதல் ஒரு மணி நேரம் நோட்டுப் புத்தகம் கிடையாது. பேச்சு மட்டும்தான். அதற்கப்புறம் எழுத்து. பிள்ளை வீட்டில் "தண்ணி" என்று சொன்னால் திருத்த வேண்டாம், தண்ணீரைக் கொடுங்கள். தமிழ் பேசத் தெரியாத பெற்றோர்கள் கூச்சப்படாமல் அந்த ஒரு மணி நேரம் பிள்ளையோடு வந்து உட்காரலாம்.

வரும் சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் சமையலறையிலிருந்து ஒரு சாமான் கொடுத்தனுப்புங்கள். கரண்டி, டம்ளர், முறம், எதுவானாலும் சரி. முதல் பாடம் அதை வைத்துத்தான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
டர்பன்