விஞ்ஞானிகளுக்கு ஒரு மடம் இருப்பதாக யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் கூர்ப்புக் கொள்கையை, அதாவது உயிரினங்கள் காலப்போக்கில் மாறி மாறி வந்தவை என்ற டார்வினின் பரிணாமக் கொள்கையை, தாக்கி வந்த கடிதத்தை வாசித்தேன். அதில் உள்ள உயிரியல் பிழைகளைத் திருத்த இதை எழுதவில்லை, அதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. எனக்குப் பொறுக்காதது அவர் விஞ்ஞானிகளைப் பற்றிச் சொல்லியிருக்கும் கதைதான். விஞ்ஞானிகள் எல்லோரும் கூடி உண்மையை மறைக்கிறார்கள் என்று ஒரு பந்தியில் எழுதுகிறார். அடுத்த பந்தியிலேயே, இவர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் ஏற்பதில்லை, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்கிறார்கள் என்கிறார். இரண்டில் எது ஐயா? தங்களுக்குள்ளேயே ஓயாமல் சண்டை பிடிக்கிற கூட்டம் 160 வருடமாக ஒரு இரகசியத்தை எப்படிக் காப்பாற்றும்?

நான் வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகிறவள், ஆகவே இது கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற சண்டை இல்லை. கூர்ப்பை நவீன மரபியலோடு இணைத்துக் காட்டியவர்களில் முக்கியமான தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி ஒரு கிறிஸ்தவர். மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் கொலின்ஸும் அப்படித்தான். இந்த மறுப்பு ஒரு மதத்துக்காரருடைய தனிச் சொத்தும் இல்லை. வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேருகிறவை மூன்று நான்கு மதங்களின் பெயரில் வருகின்றன, வேத வசனம் மட்டும் மாறும், மிச்சம் எல்லாம் அச்சொட்டாக ஒன்றுதான்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. விஞ்ஞானமும் ஒரு மடம், டார்வின் அதன் ஆதிகுரு, அவர் எழுதியது வேதம், பேராசிரியர்கள் எல்லோரும் தீட்சை வாங்கிய சீடர்கள். அப்படி நினைத்துக்கொண்டால், குருவை விழுத்தினால் மடமும் விழுந்துவிடும் என்றுதானே தோன்றும்? டார்வின் மரணப்படுக்கையில் மனம் மாறினார் என்ற கதையை விடாமல் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஹோப் சீமாட்டி என்ற பெண்மணி 1915இல் பரப்பிவிட்ட கதை அது. டார்வினின் மகள் ஹென்றியேட்டா, நான் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று 1922இல் எழுதி மறுத்தார். சரி, நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். என்ன மாறும்? சூழலுக்குப் பொருந்தியது தப்பிப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டுபிடித்த அல்பிரட் ரசல் வொலஸ் பிற்காலத்தில் ஆவிகளோடு பேசுகிறவர்களின் கூட்டங்களுக்குப் போய் வந்தார், மனித மனம் இயற்கைத் தேர்வால் மட்டும் வந்திருக்க முடியாது என்றும் வெளிப்படையாகவே எழுதினார். அதற்காக யாரும் பாடப்புத்தகத்தில் ஒரு வரியைக்கூடக் கிழிக்கவில்லை. ஆள் என்ன நம்பினார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு வேண்டும், வகுப்பில் எனக்குத் தேவைப்படுவதில்லை.

பில்ட்டவுன் மண்டையோட்டுக்கு வருவோம், அவருடைய பெரிய ஆயுதம் அது. 1912இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் டோசன் என்ற வழக்கறிஞர் கொண்டுவந்து கொடுத்த எலும்புகளை, மனிதனுக்கும் குரங்குக்கும் நடுவில் உள்ளது என்று பெரிய பெரிய ஆட்கள் நம்பினார்கள். முதல் மனிதன் எங்கள் மண்ணிலேயே கிடைத்துவிட்டான் என்ற ஆங்கிலேயப் பெருமையும் அதில் கலந்திருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிறகு ஆபிரிக்காவில் உண்மையான உயிர்ச்சுவடுகள் (கல்லாகிப்போன பழைய எலும்புகள்) கிடைக்கக் கிடைக்க, பில்ட்டவுன் ஒன்றோடும் பொருந்தாமல் தனியே துருத்திக்கொண்டு நின்றது. மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து புளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சும், எனவே ஒரே இடத்தில் கிடந்த எலும்புகளில் பழையது எது புதியது எது என்று அதை அளந்து சொல்லலாம். கென்னத் ஓக்லி அதைத்தான் செய்தார். 1953இல் அவரும் ஜோசப் வைனரும் லெ குரோ கிளார்க்கும் சேர்ந்து முழுக்கதையையும் உடைத்தார்கள்: மண்டை மனிதனுடையது, தாடை ஒராங் உட்டானுடையது, பல்லை அரத்தால் ராவியிருக்கிறார்கள், பழசு போலத் தெரியச் சாயம் பூசியிருக்கிறார்கள். பல்லில் இருந்த அரத்தின் கீறல் உருப்பெருக்கியில் தெளிவாகவே தெரிந்ததாம். 41 வருடம் அதிகம்தான், வெட்கப்படவேண்டிய தாமதம்தான், ஆனால் பிடித்தது யார்? மூன்று விஞ்ஞானிகள். பிடித்ததும் அதை ஊருக்கெல்லாம் சொன்னார்கள், அதனால்தான் கடிதம் எழுதியவருக்கே அது தெரிந்திருக்கிறது. கள்ளனைப் பிடித்துக் கொடுத்தவர்களையே கள்ளர் கூட்டம் என்று சொன்னால் நான் என்ன செய்வது?

உயிர்ச்சுவடுகள் எல்லாம் வெள்ளைக்காரன் செய்துவைத்த பொருட்கள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். அவ்வளவு தூரம் போவானேன், இரத்தினபுரிக்குப் போய்ப் பாருங்கள். மாணிக்கக் குழிகளில் கல் கிடைக்கும் சரளைப் படையில் நீர்யானைப் பல்லும் காண்டாமிருகப் பல்லும் வந்திருக்கின்றன, இன்று இந்த நாட்டில் இரண்டு மிருகமும் காட்டில் இல்லை. அவற்றைச் சேர்த்து, விவரித்து, பெயரிட்டவர் எங்கள் விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல. குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சரளை அள்ளிய தொழிலாளிக்கு நீலக்கல் கிடைக்குமா என்பதுதான் கவலை, டார்வினைக் காப்பாற்றவேண்டும் என்ற கவலை அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று கிட்ட நின்று பார்க்கக் கிடைக்காததும் இந்தக் கதைகளுக்கு ஒரு காரணம். பட்டப்படிப்பு முடிந்த கையோடு கொஞ்சக் காலம் ஒரு பூச்சியியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். நுளம்பு மருந்துக்கு எதிர்ப்புச் சோதனை செய்வோம். மருந்து ஊறிய கடதாசியை உள்ளே சுற்றிய குழாயில் நுளம்புகளை ஒரு மணித்தியாலம் விடவேண்டும், பிறகு வேறு குழாய்க்கு மாற்றி, சீனித் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, 24 மணித்தியாலம் கழித்துச் செத்ததை எண்ணவேண்டும். உடனே எண்ணக்கூடாது, ஏனென்றால் மயங்கி விழுந்துவிட்டுப் பிறகு எழும்பிப் பறக்கிறதுகளும் உண்டு. பக்கத்திலேயே மருந்து இல்லாத கடதாசி போட்ட இன்னொரு குழாய் இருக்கும். அதில் நுளம்புகள் அளவுக்கு மேல் செத்தால் எங்கள் கையாளுகையில்தான் ஏதோ கோளாறு என்று அர்த்தம், அன்றைய சோதனை முழுவதையும் வீசிவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். எத்தனை நாள் உழைப்பு என்று யாரும் பார்க்கமாட்டார்கள். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம் என்று முதலிலேயே சந்தேகப்பட்டு, அதற்கென்று ஒரு குழாயை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், மேடையில் நின்று பிரசங்கம் செய்கிறவர்களில் யாராவது அப்படி ஒரு குழாய் வைத்திருக்கிறார்களா?

அந்தச் சோதனை சும்மா பொழுதுபோக்குக்கு வந்ததில்லை. 1963இல் இலங்கை முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகள்தான். வென்றுவிட்டோம் என்று மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள், 1968, 69இல் நோயாளிகள் 5 இலட்சத்தையும் தாண்டினார்கள். திரும்ப டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அடிக்கப் போனபோது அதற்குச் சாகாத நுளம்புகள் பெருகியிருந்தன. எழுபதுகளில் மலத்தியோன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள், காலப்போக்கில் அதற்கும் எதிர்ப்பு வந்தது, பிறகு மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்கும் முறைக்கு வந்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றுப்படுத்தியது. தப்பிப் பிழைத்தது பெருகும் என்ற இயற்கைத் தேர்வைக் கணக்கில் எடுக்காமல் இந்த மருந்துகளைத் தெரிவு செய்திருக்க முடியாது. இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று அவர் கேலி செய்வது இதைத்தான். நுளம்பு மாறினால் மருந்தையும் மாற்றத்தானே வேண்டும்?

நுளம்பு நுளம்பாகத்தானே இருக்கிறது, சின்ன மாற்றத்தை நாங்களும் ஏற்கிறோம், பெரிய மாற்றத்துக்குச் சாட்சி எங்கே என்று உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர்களான நீல் ஷூபினும் டெட் டெஷ்லரும் இதே கேள்விக்கு எங்கே தேடவேண்டும் என்று யோசித்தார்கள். மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் இடைப்பட்டது ஒன்று இருந்திருந்தால் அது சுமார் 37 கோடி ஆண்டுப் பழைய, ஆழமில்லாத ஆற்றுப் படிவுப் பாறையில் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட பாறை கனடாவின் வட துருவப் பகுதியில் வெளியே தெரிகிறது என்று கண்டு, வருடக்கணக்காகக் குளிரில் போய்த் தேடி, 2004இல் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்ற உயிரியின் உயிர்ச்சுவட்டைக் கண்டுபிடித்தார்கள். செதிலும் செட்டையும் மீனுடையது, கழுத்து மீனுக்கு இல்லாத கழுத்து, செட்டைக்குள் மணிக்கட்டு எலும்பு. எந்த வயதுப் பாறை என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் போய்த் தோண்டி எடுத்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

விஞ்ஞானிகள் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். ஆராய்ச்சி உலகத்தில் பெயர் எடுக்கச் சிறந்த வழி பெரியவர் ஒருவரைப் பிழை என்று காட்டுவதுதான், வாயை மூடியவனுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. 1968இல் மோட்டூ கிமுரா என்ற ஜப்பானிய மரபியலாளர், மூலக்கூறு மட்டத்தில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை இயற்கைத் தேர்வால் வந்தவையே அல்ல, தற்செயலாக நிலைத்தவை என்றார். டார்வின் பக்கத்து ஆட்கள் பாய்ந்து விழுந்தார்கள், பல வருடச் சண்டை. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? 1992இல் இலண்டன் றோயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது, பதக்கத்தின் பெயர் டார்வின் பதக்கம். எந்த மடத்தில் இப்படி நடக்கும்?

நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் டார்வினைச் சந்தேகித்துக் கையெழுத்திட்ட பட்டியல் பற்றியும் சொல்லியிருந்தார். அப்படி ஒரு பட்டியல் உண்டு, அமெரிக்காவின் டிஸ்கவரி இன்ஸ்டிடியூட் 2001இல் தொடங்கியது, பிறகு ஆயிரம் பெயர் வரை வளர்ந்தது. அதற்குப் பகிடியாக 2003இல் இன்னொரு பட்டியல் போட்டார்கள், கூர்ப்பை ஏற்கும் விஞ்ஞானிகள், ஆனால் பெயர் ஸ்டீவ் என்றோ அதன் வேறு வடிவமாகவோ இருந்தால்தான் சேர்ப்போம் என்று. அதில் இப்போது 1400க்கு மேல் ஸ்டீவ்கள். போட்டவர்களே இது பகிடி, விஞ்ஞானம் கையை உயர்த்தி வாக்கெடுக்கிற விடயம் இல்லை என்று சொல்லித்தான் போட்டார்கள்.

வாக்கு வேண்டாம், நீதிமன்றம் போவோம் என்றாலும் அதுவும் நடந்து முடிந்தது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவரில், பாடசாலையில் நுழைக்கப் பார்த்த 'அறிவார்ந்த வடிவமைப்பு', அதாவது உயிர்களை ஏதோ ஒரு அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்ற கருத்து, விஞ்ஞானம்தானா என்று வழக்கு. அதன் முன்னணி ஆய்வாளரான மைக்கல் பீஹியிடம் குறுக்கு விசாரணையில், விஞ்ஞானக் கோட்பாடு என்பதற்கு நீங்கள் கொடுக்கும் வரைவிலக்கணத்துக்குள் சோதிடமும் வருமா என்று கேட்டார்கள். வரும் என்றார். (உங்கள் பத்திரிகையின் இராசிபலன் பகுதிக்கு இது நல்ல செய்தி.) தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது, தீர்ப்பளித்த ஜோன்ஸ் நீதிபதியை நியமித்தவர் மதப்பற்றுள்ள ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், ஆகவே அவரையும் நாத்திகச் சதியில் சேர்க்க ஏலாது.

இதில் எங்கள் கல்வி முறைக்கும் பங்கு உண்டு. புள்ளியிடும் திட்டத்தில் உள்ள வசனம் அப்படியே வந்தால்தான் புள்ளி, கடந்த கால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தால்தான் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, காரணம் கேட்கிற பிள்ளைக்கு வகுப்பில் நேரமில்லை. விஞ்ஞானத்தைத் தேவாரம் போலப் பாடமாக்கி வளர்ந்த ஒருவர், பிறகு விஞ்ஞானமும் ஒரு சமயம்தானே என்று சொன்னால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

போன மாதம் ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில், "ரீச்சர், அந்தக் கூர்ப்பு அலகை மட்டும் விட்டிட்டுப் படிப்பிக்க ஏலாதா?" என்று கேட்டார். ஏலாது, சோதனையில் கேள்வி வரும் என்று மட்டும் சொன்னேன், தொலைபேசியில் அவரோடு வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய மகள் அதே அலகு நடந்தபோது, கூர்ப்பு பிழை என்று காட்ட என்ன கிடைக்கவேண்டும் என்று கேட்டாள். கம்பிரியன் காலத்துக்கு முந்திய, அதாவது பாலூட்டிகள் தோன்ற வெகு காலத்துக்கு முந்திய, பாறையில் ஒரு முயலின் எலும்பு போதும் என்றேன், பாறையின் வயதும் எலும்பின் உண்மையும் உறுதியானால் நான் இந்தப் பாடத்தை மாற்றித்தான் படிப்பிக்கவேண்டும். அவள் எழுதிக்கொண்டாள்.

அதே கேள்வியை அடுத்த பக்கமாகத் திருப்பிக் கடிதம் எழுதியவரிடம் கேட்கிறேன்: எது கிடைத்தால் நீங்கள் உங்கள் கருத்தை மாற்றுவீர்கள்? அவர் பதில் எழுதினால் வெட்டாமல் பிரசுரியுங்கள் ஆசிரியரே, வகுப்பில் வாசித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.